முட்டையும் கீரையும் தெருமுனையில் கிடைக்கும்போது வீட்டில் செடியும் கோழியும் எதற்கு?

சென்னை போன்ற ஊரில், கையகல இடத்தில் நாலு செடியையும் சில கோழிகளையும் வைத்துக்கொண்டு மெனக்கெடுவதில் அப்படி என்ன மகிழ்ச்சி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிச்சம் ஒன்றும் கிடையாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் இனமோ 300 முட்டைகளை எட்டிவிடும். கம்புக்கும் நொய்க்கும் கொடுக்கும் விலையைக் கூட்டிப் பார்த்தால் கடை முட்டைதான் மலிவு. ஆகவே இந்தப் பதில் சேமிப்பைப் பற்றியது அன்று. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், தை நடுவிலிருந்து மாசி முடியும் வரை நாள்தோறும் நாங்கள் அனுபவிக்கும் மகிழ்ச்சியைப் பற்றியது.

ஆண்டு முழுவதையும் விட்டு இந்தச் சில வாரங்களை மட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பது பழைய கணக்கு. ஆனால் எங்கள் பகுதியில் பங்குனி பிறந்தாலே வெயில் ஏறிவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையில் பின்புறம் முழுவதும் சேறாகிக் கிடக்கும், கோழிகள் இறகு நனைந்து கூண்டுக்குள்ளேயே ஒடுங்கும், கீரை விதைத்தால் அழுகிப்போகும். மழையோடும் போராட வேண்டாத, வெயிலோடும் போராட வேண்டாத காலம் எங்களுக்கு இது ஒன்றுதான். விடியற்காலையில் 21, 22 டிகிரி அளவில் குளிர் நிற்கிறது. செடிக்கு நீர் ஊற்றிவிட்டு அங்கேயே திண்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடிகிறது. மற்ற மாதங்களில் நாம் செய்வதெல்லாம் காவல் வேலை. இந்த வாரங்களில்தான் நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது, இதன் மகிழ்ச்சி பெரும்பாலும் அந்தப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடலை ஒட்டிய தெருக்களில் மண் மணற்பாங்கானது. கிணற்று நீரும் கோடையில் உவர்த்துப்போய், இலைகளின் ஓரம் கருகத் தொடங்கும். மழை முடிந்து நிலத்தடியில் நன்னீர் ஊறியிருக்கும் தை மாதத்தில் அதே கிணற்று நீரில் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த வித்தியாசத்தை நாக்கு அறிவதற்கு முன்பே கீரை காட்டிவிடுகிறது. செங்குன்றம் பக்கத்திலிருந்து வந்த செம்மண்ணையும் மட்கிய எருவையும் கலந்து கட்டிய சிறு பாத்தியில், மணலோடு பிசறித் தூவிய முளைக்கீரை விதை, மூன்று நான்கு வாரங்களில் வேரோடு பிடுங்கிச் சமைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பிடுங்கிய கீரை வாடுவதற்குள் அடுப்பில் ஏறும்போது அதற்கு இருக்கும் சுவையைக் கோயம்பேடு சந்தை வழியாக வரும் கீரைக்கட்டில் எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் இந்தப் பருவத்தின் அரசி அவரைதான். ஆடியில் ஊன்றிய விதை, மழையெல்லாம் தாங்கிப் பந்தலில் படர்ந்து, பனி விழத் தொடங்கியதும் ஊதாப் பூங்கொத்துகளை நீட்டுகிறது. காலையில் கொத்தைத் திருப்பிப் பார்த்தால், அடியில் பிஞ்சு, நடுவில் விரிந்த பூ, நுனியில் இன்னும் திறக்காத மொட்டு என்று ஒரே காம்பில் மூன்று பருவமும் நிற்கும். பனி அதிகமான நாட்களில் நுனித் தண்டில் சாறு உறிஞ்சும் கருநிற அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். மருந்து எதுவும் அடிப்பதில்லை, ஈரம் உலர்வதற்குள் சலித்த விறகுச் சாம்பலைத் தூவிவிடுவோம், மிகவும் பற்றிய நுனியைக் கிள்ளிக் கோழிக்குப் போட்டுவிடுவோம். கோழிகள் அந்தத் தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகக் கொத்திச் சுத்தம் செய்வதைப் பார்ப்பது எனக்கு அலுப்பதே இல்லை. மாசியில் அவரை ஓய்ந்துவரும்போது அதே பந்தலில் புடலையும் பீர்க்கும் ஏறத் தொடங்கும். புடலையின் பற்றுக்கம்பி மூங்கிலைச் சுற்றிக்கொண்ட பிறகு கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: பாதித் தூரம் ஒரு பக்கமாகவும் மீதித் தூரம் எதிர்ப் பக்கமாகவும் சுருண்டிருக்கும். இரு முனையும் கட்டுண்ட கம்பி முறுக்கிக்கொள்ளாமல் சுருள வேறு வழியில்லை. காற்றடித்தால் வில்லுக்கம்பிபோல் நீண்டு சுருங்கிக் கொடியைக் காப்பாற்றுவதும் அந்தச் சுருள்தான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசிப் பெருவிழாவுக்குக் கொடியேறும்போது எங்கள் புடலைக் கொடியும் பந்தலைத் தொட்டிருக்க வேண்டும் என்பது என் மாமியார் வைத்திருக்கும் கணக்கு. அந்த விழாவில் நடக்கும் மகிழடி சேவைக்குப் போகும்போது தலையில் வைத்துக்கொள்ளும் கனகாம்பரம் பெரும்பாலும் எங்கள் தொட்டிச் செடியில் பறித்ததாகவே இருக்கும்.

இனி கோழிகளுக்கு வருகிறேன். ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. அக்கம்பக்கத்தில் கூவல் தொந்தரவு என்று கருதுபவர்கள் இருந்தால் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பலரும் விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் என்பதால் சேவலின் மீது யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

மழைக்காலத்தில் கோழிக்கு மிகவும் கிடைக்காத பொருள் காய்ந்த புழுதி. தை பிறந்து மண் உலர்ந்த பிறகு, வெயில் விழும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, காலால் சீய்த்துக் குழி பறித்து, ஒவ்வொன்றாக அதில் சாய்ந்து படுக்கும். இறகுகளை விரித்துச் சிலிர்த்து, புழுதியை முதுகு வரை வாரிப் போட்டு, ஒரு காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடிச் செத்ததுபோல் கிடக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் நோய் என்று பதறுவார்கள். இறகுக்கடியில் ஒளிந்திருக்கும் பேனையும் செள்ளையும் விரட்ட அவை வைத்திருக்கும் வழி அது. அந்தக் குழியில் கொஞ்சம் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்துவைப்பது மட்டுமே நம் வேலை. பிறகு எழுந்து உடலை ஒருமுறை உதறும்போது அந்த மூலையே புகைமண்டலமாகிவிடும்.

முட்டையும் இந்தக் காலத்தில்தான் கூடுகிறது. மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும் சென்னைப் பகல், மாசி முடிவில் 12 மணி நேரத்தை எட்டுகிறது. ஒளி மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் எட்டுவதையே உணர்ந்து கோழியின் உடல் முட்டைக்குத் தயாராகிறது. நீளும் பகலை நாட்காட்டியில் பார்த்து நாம் அறிவதற்கு முன் அதற்குத் தெரிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இறகு உதிர்த்துக் களையிழந்திருந்த பெட்டையின் கொண்டை சிவக்கத் தொடங்கினால் அடுத்த சில நாட்களில் அது கேறிக்கொண்டு இடம் தேடும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று அதிக நேரம் ஆவதால், இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதைத் தாண்டி இடும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும், கடைசியில் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடியும் காலையிலிருந்து தொடங்கும். எந்தக் கோழி இன்று எந்த நேரத்தில் கூடைக்குப் போகும் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் மனக்கணக்காகச் சொல்வார்கள்.

இட்ட கணத்தில் முட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பளபளவென்று ஈரமாக வெளியே வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நொடிகளில், அந்த ஈரம் ஓட்டின் மீது இழுத்துக்கொண்டு மங்கலாகிவிடும். அந்த மெல்லிய படலம் ஓட்டில் உள்ள நுண்துளைகளை அடைத்துக் கிருமி புகாமல் காக்கிறது. அதனால்தான் வீட்டு முட்டையைச் சமைக்கும் வரை கழுவாமல் வைக்கச் சொல்கிறோம். பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு இந்த ஈரம் உலர்வதைப் பார்ப்பது பெரிய ஆசை. பள்ளிக்குப் போகும் முன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “அத்தை, கேறுதா?” என்று கேட்பாள், கேறுகிறது என்றால் காலணிகூடப் போடாமல் ஓடி வந்துவிடுவாள். சூடு ஆறாத முட்டையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் கொடுத்ததே இல்லை.

அடைவைப்பதற்கும் இதுவே ஏற்ற காலம். கோடையில் முட்டை கெட்டுப்போவது அதிகம், மழையில் குஞ்சு குளிரில் விறைத்துவிடும். ஒரு கோழி கூடையை விட்டு எழ மறுத்து, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமத் தொடங்கினால் அது அடைக்கு வந்துவிட்டது என்று பொருள். மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, தவிட்டுப் பானையில் சேர்த்துவைத்த முட்டைகளில் நல்லதாகப் பத்துப் பன்னிரண்டை அடுக்கி, மாலையில் கோழியை உட்கார வைப்போம். இடி விழுந்தால் முட்டை கூழாகிவிடும் என்று மாமியார் ஒரு கரித்துண்டையும் ஓர் இரும்பு ஆணியையும் கூடை ஓரத்தில் வைப்பார்; மாசியில் இடி அபூர்வம் என்றாலும் அவர் வைப்பதை நான் தடுப்பதில்லை, அது கோழிக்கு அவர் காட்டும் அக்கறை. வெவ்வேறு நாட்களில் இட்ட முட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிவது எப்படி என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தாயின் சூடு படும்வரை உள்ளே கரு வளராமல் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சூடு கிடைத்த நாளிலிருந்து 21 நாள். ஒரு வாரம் கழிந்து, இருட்டில் கைவிளக்கின் மீது முட்டையைப் பிடித்தால், சிவந்த நரம்புகள் கிளைவிட்டுப் பரவியிருப்பதும் நடுவில் ஒரு கரும்புள்ளி துடிப்பதும் தெரியும். பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் நாளில் இரை வைக்க அவசரப்பட வேண்டியதில்லை. மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் அவை வெளியே வருகின்றன. காசிமேட்டு மீனுக்கு வட்டமிடும் பருந்துகள் எங்கள் தெருவின் மேலேயும் சுற்றுவதால், குஞ்சும் தாயும் வெளியே மேயும் நேரத்தில் ஒருவர் பக்கத்திலேயே இருப்போம்.

கோழியும் பாத்தியும் ஒன்றுக்கொன்று பகை என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக விதைத்த பாத்தியைக் கோழியிடம் விட்டால் கால் மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. குப்பத்தில் மீனவர்கள் கழித்த பழைய வலையை வாங்கிப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். கோழிக்கொட்டிலின் மேலும் அதையே விரித்திருக்கிறோம். நைலான் வலை உப்புக்காற்றில் மட்காது, வெயிலில் மட்டும் நாளடைவில் நைந்துபோகும். பொங்கல் முடிந்ததும் தெருவெங்கும் கிடக்கும் கரும்புத் தோகையை வாரிவந்து செடிகளுக்கு மூடாக்காகப் போடுவோம், ஒரு பகுதி கொட்டிலுக்குள் படுக்கையாகும். எச்சத்தோடு கலந்த அந்தத் தோகையைக் குவித்து மட்கவைத்தால் சில மாதங்களில் அருமையான எரு. பச்சைக் கோழி எருவை மட்டும் நேரடியாக வேரில் போடக் கூடாது, அதன் சூட்டில் செடி கருகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா மீன் கழுவிய தண்ணீரை எங்கள் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றக் கொண்டுவருவார், நாங்கள் ஒரு பிடி கீரையோ இரண்டு முட்டையோ கொடுத்தனுப்புவோம். சுவரின் இரு பக்கமும் இப்படிப் பண்டங்கள் ஏறி இறங்கும் உறவு எந்தக் கடையிலும் கிடைக்காது, இதற்காகவே நான் இன்னும் பல ஆண்டுகள் கோழி வளர்ப்பேன்.

வாடை வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். கொட்டிலின் தரை ஈரமில்லாமல் இருந்தால் வராது. உமியோ தென்னை நாரோ கனமாகப் பரப்பி, வாரத்தில் சில முறை கிளறிவிட்டால் போதும்.

நோயைப் பற்றி மட்டும் அலட்சியம் வேண்டாம். கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டில் காலியாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போட வேண்டும். கோடைக்கு முன்பாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துவிடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு வசதி, மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அதன் கோழியின ஆராய்ச்சி நிலையமும் இருப்பது. ஐயம் எதுவானாலும் நேரில் போய்க் கேட்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தொடங்க ஆசை வந்தால், இந்த மாசியிலேயே தொடங்குங்கள். ஆனால் கோழியை முதலில் வாங்காதீர்கள். ஒரு பாத்தியில் முளைக்கீரையும், பந்தலடியில் இரண்டு குழி புடலையும் போடுங்கள். கீரை முதல்முறை பிடுங்கும் நேரத்துக்குள் கொட்டிலைக் கிழக்கு வெயில் விழும்படி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து கட்டி முடித்துவிடலாம். அதன் பிறகு முட்டையிடத் தொடங்கும் பருவத்துப் பெட்டைகளாக இரண்டோ மூன்றோ, தடுப்பூசி போட்டவையா என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் கோழி வேண்டாம், அது ஏங்கிப்போகும். பங்குனி வெயில் வந்ததும் தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிழலில், நிரம்பியே இருக்கட்டும்.