மேசையில் சரி, சுவரில் தலை பெரிது

ஆளை வரையும்போது, தாளை வைத்து வரையும் அட்டையைச் சாய்த்து வைத்து வரையுங்கள், தலை பெரிதாகிவிடும் சிக்கல் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வரையும்போது நன்றாகத் தெரியும் ஆள், சுவரில் ஒட்டியதும் தலை பெருத்து நிற்கிறார் என்கிறீர்கள். தாள் மேசையில் தட்டையாகக் கிடந்தால் அதன் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகிக் குறுகித் தெரியும், அதை ஈடுகட்டத்தான் கை தன்னையறியாமல் தலையையும் தோளையும் நீட்டிவிடுகிறது. பள்ளி மேசையிலேயே வரைந்து பழகும் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இது ரொம்பச் சாதாரணம், திறமைக் குறை இல்லை.

சோதிக்க:

1. பழைய படத்தில் உச்சந்தலை முதல் தாடை வரை அளந்து, அந்த அளவு பாதம் வரை எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நிற்கும் பெரியவருக்கு 7 முதல் 7½ வரை வரும்.

2. அட்டையின் கீழ்விளிம்பை மடியிலும் மேல்விளிம்பை மேசை ஓரத்திலும் சாய்த்து, அதே ஆளை மறுபடி வரைந்து எண்ணுங்கள்.

இரண்டிலும் 6-க்குக் கீழேயே நின்றால் காரணம் வேறு: முகத்தை ஆசையாக முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் உடம்பை அடக்குகிறீர்கள். அப்போது உச்சி, பாதம், இடுப்பு மூன்றையும் முதலில் லேசாகக் குறித்துவிடுங்கள்.

வீட்டுக் குழந்தையை வரைகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, 4 வயதில் ஏறக்குறைய 5 தலைதான்.