பாறைப் பெயர்களுக்குப் பயந்து மகளை மறிக்க வேண்டாம் அக்கா

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருந்த அக்காவுக்கு. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, புவிச்சரிதவியல்தான் (ஜியோலொஜி, பாறையையும் நிலத்தடியையும் பற்றிய படிப்பு) படிப்பேன் என்று நிற்கிறாள், வாயில் நுழையாத பாறைப் பெயர்களைப் பாடமாக்கி என்ன வேலை எடுப்பது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். முதலில், அது பாடமாக்கும் படிப்பே இல்லை.

பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடித்தால் மகளோடு போய்ப் பாருங்கள். முதலில் மணல் வரும், அப்புறம் களி, அதற்குக் கீழே உக்கிப்போன பாறை, கடைசியில் மினுங்குகிற கருங்கல் தூள். எந்த ஆழத்தில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதுதான் படை, அதாவது பாறை அடுக்கு, பிரிக்கும் வேலை. பிரித்ததற்குப் பெயர் வைக்கவும் ஒழுங்கு உண்டு. அடிப்படை அலகு ஃபோர்மேஷன். பக்கத்துப் பாறையிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், வரைபடத்தில் குறிக்கிற அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். பலதைச் சேர்த்தால் குரூப், உள்ளே பிரித்தால் மெம்பர், அதற்கும் கீழே பெட். பெயர் பெரும்பாலும் அந்தப் பாறை நன்றாக வெளித்தெரிகிற ஊருடையது. தமிழ்நாட்டில் கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், கடலில் படிந்த படைகளில் ஒரு பகுதியை உலகமே அரியலூர் குரூப் என்றுதான் சொல்கிறது.

நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறைக்குக் கீழே இருப்பது வேறு கதை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமையான விஜயன் கொம்ப்ளெக்ஸ், வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய நைஸ் பாறை. உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும், ஆனால் அவை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த படைகள் இல்லை. கீழே கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு என்று 1669இல் டென்மார்க்கு அறிஞர் ஸ்டீனோ சொன்ன விதியை இங்கே வைத்துப் பார்க்க முடியாது, அதனால்தான் ஃபோர்மேஷன் என்று சொல்லாமல் கொம்ப்ளெக்ஸ் என்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) கடலில் படிந்தது, அதன் பொந்துகளில் தண்ணீர் நிற்கும். நம்முடைய கருங்கல்லில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். அந்த வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று கணித்துச் சொல்கிறவர்களுக்குத்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் தேவை இருக்கிறது.

சரி, எங்கே படிப்பது? பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்குத் தனித் துறை உண்டு. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது, அதற்கு இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு வேண்டும். இசட் புள்ளியையும் அனுமதி முறையையும் இந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பாருங்கள், போன வருடக் கதையை நம்ப வேண்டாம். வேலை என்றால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், நீர்வளச் சபை, அப்புறம் அணை, சுரங்கப்பாதை, பாலம் கட்டுகிற கம்பெனிகள். அரச வெற்றிடம் மட்டும்தான் வேண்டும் என்று காத்திருப்பது நல்லதில்லை, அதை மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

வெளிக்கள வேலை இருக்கிறது, வெயிலில் நடக்கத்தான் வேண்டும். பெண்பிள்ளைகளும் குழுவாகப் போய்த்தான் படிக்கிறார்கள், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். எனக்குக் கவலை ஆங்கிலம்தான். விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில், தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் முதல் வருடம் தடுமாறுவது அங்கேதான். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வருகிற மாதங்களில் வேறு கோர்ஸ் எதுவும் வேண்டாம், ஆங்கில வகுப்புக்கு மட்டும் அனுப்புங்கள்.