மூணு மணிக்கு முழிப்பு, ஈசிஜியோ நார்மல்

கேள்வி: வயது 43. வீடு பேரணாம்பட்டு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு வருஷமாக விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வயிறு எரிகிறது. பிள்ளை டம்ளரைக் கீழே போட்டாலே கத்துகிறேன். ஈசிஜி நார்மல், சர்க்கரை மட்டும் 'பார்டர்'. குழு லோன் தவணை வேறு. டாக்டர் 'டென்ஷனைக் குறைங்க' என்கிறார். எப்படி?

பதில்: குடை கொடுக்காமல் 'நனையாதே' என்பது போலத்தான் அது. சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

டார்கெட் முடியவில்லை, மேனேஜர் கூப்பிடுகிறார். உடனே சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனையும், சற்றுப் பிந்தி கார்டிசோல் என்ற ஹார்மோனையும் விடும். ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். நாய் துரத்தி ஓடினால் அது செலவாகிவிடும். நீங்களோ நின்ற இடத்திலேயே 'சரிங்க சார்' என்கிறீர்கள். அப்புறம் தவணைக் கவலை. கார்டிசோல் இறங்க நேரமே இல்லை; இன்சுலின் வேலையையும் அது மந்தமாக்கும். பார்டர் சர்க்கரைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தொப்பையும் பரம்பரையும்கூடக் காரணமாகலாம், அதை மறந்துவிடாதீர்கள்.

கார்டிசோல் பின்னிரவில் எல்லோருக்கும் ஏறும். உங்களுக்கு ஏற்கெனவே தூக்கம் லேசு, அதனால் முழிப்பு. தூக்கம் குறைந்தால் 'பொறு' என்று தடுக்கும் முன்மூளை தளர்ந்துவிடும்; திட்டு டம்ளர் போட்ட பிள்ளைக்கு.

வயிற்றுப்புண் டென்ஷனால் வருவதில்லை. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் காரணம். அதைக் கண்டுபிடித்ததற்கு மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் வாங்கினார்கள். நாளெல்லாம் நின்ற இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா? அதுவும் புண்ணாக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசி டீ மதியம் மூணு மணிக்குள். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் நடை. ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு உட்கார்ந்து தவணைகளை ஒரே தாளில் எழுதுங்கள். மூணு மணிக்கு மனக்கணக்குப் போடுவது குறையும். முழிப்பு வந்தால் போனைத் தொடாமல் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், கண் சொக்கும்போது படுக்கலாம். தைராய்டு டெஸ்ட்டும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்டும் (HbA1c) எடுத்துப் பாருங்கள்.

நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கையிலோ தாடையிலோ வலி பரவினால் டென்ஷன் என்று படுத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மனசு விட்டுப்போனால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம்; தமிழிலேயே பேசலாம்.