கடல் நத்தை கொட்டி மனிதர் இறக்க முடியுமா?

முடியும். கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற கூம்பு நத்தை கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளத்திட்டுகளில் வாழும் இது, சுமார் 10 முதல் 15 செ.மீ. வரை வளரும்.

நத்தையால் மீனைத் துரத்த முடியாதே, அப்புறம் எப்படிப் பிடிக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரவில், மீன் அசந்திருக்கும் நேரத்தில், வாயை வலைபோல அகல விரிக்கிறது. கூடவே இன்சுலினையும் நீரில் கலக்கிறது. மீனின் இரத்தச் சர்க்கரை சரிந்து, நீந்தத் தெம்பில்லாமல் அப்படியே மயங்கி நிற்கிறது. மீனை வாய்க்குள் இழுத்த பிறகுதான் ஈட்டி போன்ற உள்ளீடற்ற பல்லால் குத்தி நஞ்சைச் செலுத்துகிறது.

மனிதருக்குக் குத்தும்போது வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாம், அதுதான் ஆபத்து. பிறகு மரத்துப்போகும், பார்வை மங்கும், மூச்சுத்தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சின் வீரியம் குறையும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

இதன் உறவான கோனஸ் மேகஸின் நஞ்சிலிருந்து வந்த சிக்கோனோடைடு என்ற வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்துவார்கள்.

ஓடு அழகாக இருக்கிறதென்று உயிருள்ள கூம்பு நத்தையைக் கையில் எடுக்காதீர்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும், நஞ்சுப் பல்லை நீட்டிக் குத்தும் அதன் குழல் எட்டிவிடும்.