அம்மாவின் தொடர்கதை பைண்டிங்கைக் கிழித்து ஃபிரேம் போடலாமா?

கேள்வி: என் அம்மா 1960-களிலும் 70-களிலும் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்து, பைண்ட் செய்து வைத்திருந்தார். ஓரங்களில் பேனாவால் குறிப்பும் எழுதியிருக்கிறார். அவர் இப்போது இல்லை. தொகுதிகள் என்னிடம் இருக்கின்றன. நான் வாசிக்க உட்காரும் இடத்தில், அந்தப் பக்கங்கள், அம்மாவின் சுங்குடிப் புடவைத் துண்டு, வண்ணம், நூல் தையல் எல்லாம் கலந்து இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு மிக்ஸட் மீடியா படம் செய்து மாட்ட ஆசை. நாலு பக்கம் எடுத்து அட்டையில் ஃபெவிகாலால் ஒட்டிப் பார்த்தேன். தாள் சுருங்கி, அட்டையும் வளைந்துவிட்டது. வார்னிஷ் அடித்ததும் பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது. "லாமினேட் செய்துவிட்டு ஒட்டுங்கள், நூறு வருஷம் இருக்கும்" என்கிறார் ஃபிரேம் கடைக்காரர். இரண்டு பக்கங்களை அவரிடம் கொடுத்திருக்கிறேன். செய்யச் சொல்லலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்:

வேண்டாம். அந்த இரண்டு பக்கங்களையும் இன்றே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

லாமினேஷன் என்றால் பசை பூசிய பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, உருக்கி, தாளின் நாருக்குள் இறக்கிவிடுவது. ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க வழியே இல்லை. உங்கள் தொகுதிகளில் இருப்பது பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கிச் செய்யும் தாள் அது. மரத்தில் இருக்கும் லிக்னின் அதில் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகிறது, அமிலத்தை உண்டாக்குகிறது. தாள் உதிர்வது அந்த அமிலத்தால்தான். பிளாஸ்டிக்குக்குள் மூடினால் அமிலமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தாள் தூளாகிக்கொண்டிருக்கும். நூறு வருஷக் கணக்கை அந்தக் கடைக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. லாமினேட் செய்து பாழான திருமணப் பத்திரிகை, பட்டயம், தாத்தாவின் கடிதம் என்று என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைக்கூட என்னால் பிரித்துத் தர முடிந்ததில்லை.

"அரசாங்க ஆவணக் காப்பகத்திலேயே லாமினேஷன்தானே செய்தார்கள்?" என்று சிலர் மடக்குவார்கள். அது வேறு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறையில் சூடே கிடையாது. செல்லுலோஸ் அசிடேட் ஃபிலிமையும் மெல்லிய டிஷ்யூவையும் வைத்து அசிட்டோன் தடவி ஒட்டுவார்கள். வேண்டுமானால் அசிட்டோனிலேயே ஊறவைத்துப் பிரிக்கவும் முடியும். தெருமுனைக் கடை மெஷினுக்கும் அதற்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, படத்தை எப்படிச் செய்வது? மூலப் பக்கத்தைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, அதை வெட்டுங்கள், கிழியுங்கள், தையல் போடுங்கள், வண்ணம் அடியுங்கள். நகல் என்றால் உயிர் இல்லாமல் போய்விடுமே என்று தோன்றும். உண்மையில் மிக்ஸட் மீடியாவில் கை சுதந்திரமாக ஓடுவதே நகலில்தான். அம்மா கத்தரித்த தாளில் கத்தரி வைக்கும்போது யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அந்த நடுக்கத்தோடு நல்ல கொலாஜ் வராது. நகலில், தொடர்கதையோடு வந்த ஒரே ஓவியத்தை மூன்று அளவில் பெரிதாக்கி அடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் தூக்கிப்போட்டு வேறு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பைண்டிங்கை ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடிமேல் கவிழ்த்து முதுகை அமுக்குவார்கள், ஐம்பது வருஷத் தையல் அங்கேயே முறியும். வீட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகி, ஃபோன் கேமராவால் நேர் மேலிருந்து படம் எடுங்கள். அந்தக் கறுப்புத் தாள் இருந்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியாது. வார்னிஷ் அடித்த நாலு பக்கங்களைக் காப்பாற்ற வழியில்லை. எண்ணெய்ப் பசை நாருக்குள் இறங்கியதால்தான் தாள் ஊடுருவித் தெரிகிறது. அவற்றை ஒட்டிய அட்டையோடு அப்படியே படம் எடுத்துவிட்டு, மற்ற பக்கங்களோடு உரசாமல் தனி உறையில் போட்டு வையுங்கள்.

அம்மா சேர்த்த இதழ்களில் சில, 'தமிழிணையம் – மின்னூலகம்' தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்டே கிடைக்கலாம். தேடிப் பார்த்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

பிரிண்ட் எடுக்கும்போது லேசர் பிரிண்ட்தான் கேட்க வேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது சாயமை. பசையின் ஈரம் பட்டதும் கசியும், வெயிலில் வெளுக்கும். லேசரில் டோனர் தூள் தாளின்மேல் உருகி ஒட்டியிருப்பதால் ஈரத்துக்கு அசையாது. லேசர் பிரிண்ட்டை வைத்து இன்னொன்றும் செய்யலாம், உங்கள் படத்துக்கு மிகவும் பொருந்தும். ஓவியத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி பிரிண்ட் எடுத்து, அதன்மேல் அக்ரிலிக் மாட் மீடியத்தை (நிறமும் பளபளப்பும் இல்லாத அக்ரிலிக் பசை) தாராளமாகத் தடவி, சுங்குடித் துணியின்மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்து விரல்நுனியால் தேய்த்தால் தாள் உரிந்து வரும், ஓவியம் புடவையில் தங்கிவிடும். திருப்பி எடுக்க மறந்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி நிற்கும். துணியை முதலில் அலசி, கஞ்சியைப் போக்கிவிடுங்கள்.

இப்போது சுருக்கத்துக்கும் வளைவுக்கும் வருவோம். தாளுக்கு ஓட்டம் உண்டு. நார்கள் ஒரு திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் தாள் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கும். நீங்கள் ஒட்டியபோது தாளின் ஓட்டம் ஒரு பக்கமும் அட்டையின் ஓட்டம் வேறு பக்கமும் இருந்திருக்கும். அதோடு ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், காயும் தாள் அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பைண்டர்கள் அட்டையின் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவது அந்த இழுப்பைச் சரிக்கட்டத்தான். உங்களுக்கு இவ்வளவு தலைவலியே வேண்டாம். அட்டையை விட்டுவிட்டு, 22-க்கு 30 அங்குல முழுத்தாளாக வரும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தி வாட்டர்கலர் தாளையோ, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் கனமான ரகத்தையோ அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஊசி இறங்கும். குத்தூசியால் முதலில் துளை போட்டுக்கொண்டு நூலை ஓட்டுங்கள், தாள் கிழியாது.

நகல்களை ஒட்ட ஃபெவிகால் எம்.ஆர். போதும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யாமல், மெல்லியதாக, தட்டைப் பிரஷ்ஷால் தடவி, மேலே பட்டர் பேப்பர் வைத்துக் கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி ஏற்றிவையுங்கள். நிறையத் தடவினால் நன்றாக ஒட்டும் என்று நினைக்கிறார்கள். நிறையத் தடவினால் நிறைய ஈரம், அவ்வளவுதான். பைண்டிங் கடையிலிருந்து மைதாப் பசை வாங்கி வராதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம், அதிலிருக்கும் தாமிரம் தாளையும் அரித்துவிடும். செல்லோடேப்பும் வேண்டாம்.

மூலத்தைத் தொடாதீர்கள் என்றேன். ஒரே ஒரு விதிவிலக்கு: அம்மாவின் கையெழுத்து உள்ள ஒரு துண்டு. அவர் ஓரத்தில் எழுதிய ஒரு வரி உங்கள் படத்தில் நிஜமாகவே இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அது நியாயமான ஆசை. கேமராவால் அந்த அழுத்தத்தைக் கொண்டுவர முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேனா என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பேனா என்று சொல்லவில்லை. இங்கே எல்லாமே அதைப் பொறுத்தது. மைப்பேனாவின் ராயல் ப்ளூ என்றால் ஒரு சொட்டு ஈரத்தில் ஓடிவிடும், வெளிச்சத்திலும் வெளுக்கும். பழைய ப்ளூ பிளாக் மைகளில் இரும்பு கலந்தவை உண்டு. அவை ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் அமிலம் உள்ளவை. பால்பாயின்ட் மை தண்ணீருக்கு அசையாது. வார்னிஷிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். அந்தப் பக்கத்தில் வார்னிஷ் அடித்திருந்தால் கையெழுத்து ஊதாப் புகையாகப் பரவியிருக்கும். பென்சில் என்றால் கவலையே இல்லை, தேய்க்காமல் இருந்தால் போதும்.

எந்த மை என்று தெரியவில்லையென்றால், முக்கியமில்லாத ஒரு புள்ளியின்மேல் ஈரம் பிழிந்த பஞ்சுமுனையை ஒரு நொடி வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தத் துண்டின் அருகே எந்த ஈரப்பசையும் போகக் கூடாது. வராவிட்டாலும் முழுப் பக்கத்தையும் ஒட்டாதீர்கள். பருத்தித் தாளில் துண்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தளம் வெட்டி, ஃபோட்டோ ஆல்பத்தில் போடுவோமே, அந்த மூலைகளைத் தாளிலேயே மடித்துச் செய்து, துண்டை அதில் செருகிவிடுங்கள். மூலைகளைத் தளத்தோடு மட்டும் ஒட்டுங்கள். கார்ன்ஃப்ளவர் ஒரு கரண்டிக்கு ஆறு கரண்டித் தண்ணீர் விட்டு, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி, வடிகட்டி, ஆறவைத்த பசை இதற்குப் போதும். அம்மாவின் துண்டில் பசை படவே கூடாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் உருவி எடுத்து அதே தொகுதியில் அதே இடத்தில் திரும்ப வைக்க முடிய வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, அந்த இடத்தில் செருகிவையுங்கள்.

உங்களைப் போன்றவர்களைத் தேடி வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "செல்லரித்த பைண்டிங்தானே, கிலோ விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று பழைய பேப்பர் எடுப்பவர் மூலமாகக் கேட்பார்கள். வாங்கியதும் ஓவியம் உள்ள பக்கங்களை மட்டும் உருவி, ஒவ்வொன்றையும் ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். கதைப் பக்கங்கள் அரவைக்குப் போகின்றன. ஒரு வாசகி வாரம் தவறாமல் சேர்த்ததை ஒரு மத்தியானத்தில் குலைத்துவிடும் இந்த வியாபாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னொரு கூட்டம் 'விண்டேஜ் பேப்பர் கிட்' விற்கிறது. பாதி, நல்ல புத்தகங்களைக் கிழித்தது. மீதி, புதுத் தாளை டீயிலும் காபி டிகாஷனிலும் முக்கிக் காயவைத்தது. டீயில் இருக்கும் டானினும் அமிலத்தன்மை உள்ளதுதான். அந்தத் தாளை அம்மாவின் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். 'ஆசிட் ஃப்ரீ' என்ற ஸ்டிக்கரையும் அப்படியே நம்பாதீர்கள். பி.ஹெச். பேனா என்று ஒன்று விற்கிறது. தாளின் மூலையில் ஒரு கோடு போட்டால், ஊதாவாக நின்றால் நல்ல தாள், மஞ்சளானால் அமிலம். கோடு அழியாது என்பதால் மூலப் பக்கங்களில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்க உங்கள் ஊரிலேயே ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கிவிட்டார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், உதிரும் புத்தகத்தோடு மாவட்ட நூலகத்துக்குப் போய் நின்றால், நான் பார்த்தவரை, தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மேசை, பயிற்சி பெற்ற ஒருவர், கொஞ்சம் நல்ல தாள் என்று கேட்பது பெரிய செலவா? அது இல்லாத இடத்தில்தான் லாமினேஷன் மெஷின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சை சரஸ்வதி மகால் இருக்கிறது. சுவடி பாதுகாப்பில் அனுபவம் உள்ள இடம், ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள். தொகுதிகளை என்றாவது கொடுக்க நினைத்தால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு முதலில் ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள்.

ஃபிரேம் கடையில் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு ஜன்னல் (படம் தெரியும் அளவுக்கு நடுவை வெட்டி எடுத்த தடித்த அட்டை) வைத்து நாலைந்து மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் ஹார்ட்போர்டை நேரடியாகப் படத்தின்மேல் வைத்து ஆணி அடிப்பார்கள், இடையில் ஒரு பருத்தித் தாள் கட்டாயம் வேண்டும். படத்தைப் பலகையோடு ஃபெவிகாலால் ஒட்டுகிறேன் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் ஓதம் காத்து பூஞ்சை பிடிக்கும். உள்சுவரில், வெயில் நேராக விழாத பக்கமாக, ஃபிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டுகளை ஒட்டி மாட்டினால் பின்னால் காற்று ஓடும்.