வீட்டுக்குள் உண்ணி: நாயை அனுப்பிவிட்டால் தீருமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2 ஆண்டாக நாய் வளர்க்கிறோம். 3 மாதமாக உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தோட்டம் முழுக்க இரண்டு முறை அடித்தோம். நாலு நாள் குறைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் சுவரிலும் ஜன்னல் திரையிலும் ஏறுகின்றன. போன வாரம் எங்கள் 14 மாதக் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு வைத்துப் பிடுங்கினோம். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இன்னும் தெரிகிறது. காய்ச்சல் இல்லை. ஊசி போட வேண்டுமா? அதே பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டலாமா? நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: கடைசியில் கேட்டதை விட்டுவிட்டு நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பூச்சிமருந்தில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள். எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் வேண்டாம். இதைப் படிப்பதற்குள் ஏற்கெனவே குளிப்பாட்டியிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்பு போட்டு நன்றாக அலசிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குழந்தையை அதன் பக்கம் விடாதீர்கள்.

பயிருக்கு அடிக்கும் மருந்துகளில் பல, தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை. நாயின் ரோமத்தில் அது தங்கும். உங்கள் குழந்தைக்கு 14 மாதம். தவழும், தத்தி நடக்கும், நாயைக் கட்டிக்கொள்ளும், அடுத்த நிமிடம் கை வாய்க்குள் போகும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கறுப்புப் புள்ளியைவிட, இரண்டு முறை மருந்து அடித்த அந்தப் புல்தரையில் குழந்தை விளையாடியிருக்குமே என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. குழந்தைக்குத் திடீரென்று எச்சில் ஒழுகுவது, வாந்தி, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, மூச்சு இழுப்பது, துவண்டு போவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். அதிலுள்ள பெயரைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் மருந்தைக் குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். நாயைக் குளிப்பாட்டக் கொடுக்கும் அமிட்ராஸ் போன்ற மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு வாய் குடித்தால் குழந்தை மயங்கி, இதயத்துடிப்பும் மூச்சும் குறைந்துவிடும்.

இனி குழந்தைக்கு வருகிறேன். அந்தக் கறுப்புப் புள்ளி அனேகமாக உண்ணியின் வாய்ப்பகுதி. உண்ணி கொசுவைப் போலக் குத்திவிட்டுப் பறந்துபோவதில்லை. பின்னோக்கிய முட்கள் கொண்ட வாயைத் தோலுக்குள் இறக்கி, பல வகை உண்ணிகள் சிமெண்டு மாதிரி ஒரு பசையும் சுரந்து, நாள்கணக்கில் அங்கேயே குடியிருந்து குடிக்கும். அவசரமாகப் பிடுங்கினால் வாய் முறிந்து உள்ளே நிற்கும். அதை ஊசியால் கிளறாதீர்கள். முள் தைத்ததை உடம்பு தள்ளுவதுபோல இதையும் தோல் சில நாளில் தள்ளிவிடும். சோப்பு போட்டுக் கழுவினால் போதும். சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ காட்டுங்கள்.

உண்ணி கடித்தவுடன் எல்லோருக்கும் போடவேண்டிய ஊசி என்று ஒன்று கிடையாது. டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணைப்படி போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். காய்ச்சலே இல்லாத குழந்தைக்கு முன்கூட்டி ஆன்டிபயாடிக் கொடுப்பது சில பகுதிகளில் சில வகை உண்ணிக்கு மட்டும்தான் உண்டு. நீங்களாக எதுவும் கொடுக்க வேண்டாம். அதற்குப் பதில் கடித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து ஒரு மாதம் கண்காணிக்க வேண்டும், முதல் 2 வாரம் இன்னும் கூர்மையாக. காய்ச்சல், கடும் சோர்வு, உடம்பில், குறிப்பாக மணிக்கட்டு, கணுக்கால், உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்புப் புள்ளிகள், கடித்த இடம் சூடு வைத்ததுபோல் கறுத்துப் பொருக்குத் தட்டுவது, வட்டமாகப் படர்ந்துகொண்டே போகும் சிவப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல், 'இந்தத் தேதியில் உண்ணி கடித்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வருகிற நூறு குழந்தைகளில் இந்த ஒன்றை வேறாகப் பார்க்கவைப்பது அந்த வாக்கியம்தான்.

உண்ணி பரப்பும் காய்ச்சல்களில் ரிக்கெட்சியா என்ற கிருமியால் வருபவை முக்கியமானவை. புள்ளிக்காய்ச்சல் உண்ணி மூலம் பரவுவதை 1906-ல் காட்டிய ஹோவர்ட் ரிக்கெட்ஸின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு. அதே குடும்பத்தைச் சேர்ந்த டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போய், 1910-ல் அந்தக் காய்ச்சலுக்கே அவர் பலியானார். இன்று நமக்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது, தாமதிக்காமல் கொடுத்தால் நன்றாகக் கேட்கிறது. குழந்தைக்குப் பல் கறையாகிவிடும் என்று பயந்து பல பெற்றோர் இதை வேண்டாம் என்கிறார்கள். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் குறைந்த நாள் சிகிச்சையில் அப்படிக் கறை விழுவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காய்ச்சலே இல்லாமல், நன்றாக நடந்த குழந்தை கால் தடுமாறுகிறது, நிற்க முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில உண்ணிகளின் எச்சிலில் இருக்கும் நச்சு நரம்பைத் தளரவைக்கும். தளர்ச்சி காலில் தொடங்கி மேலே ஏறும். அப்போது தலைமுடிக்குள் விரல்விட்டுத் தடவித் தேடினால் உண்ணி இருக்கும். பெரும்பாலும் அதை எடுத்துவிட்டாலே ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். அரிதானதுதான், ஆனால் தேடாமல் விட்டால் மூச்சு வரை போகும்.

அடுத்த முறை மண்ணெண்ணெய் வேண்டாம். தீக்குச்சிச் சூடு, வாசலின், நகப்பூச்சு எதுவும் வேண்டாம். மூச்சுமுட்டி அது தானாக விடும் என்று நம்பிக் காத்திருக்கும் நேரமெல்லாம் அது எச்சிலை உள்ளே இறக்கும் நேரம். போதாததற்கு மண்ணெண்ணெய் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். நுனி மெல்லிய இடுக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பக்கம் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேல்நோக்கி ஒரே சீராக இழுங்கள். தோல் சின்னக் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு வரும். அப்போது பயந்து விட்டுவிடாதீர்கள். அப்படியே சில நொடி பிடித்திருந்தால் பிடி தளர்ந்து வந்துவிடும். வந்ததை விரலால் நசுக்க வேண்டாம், அதன் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம். ஒட்டும் டேப்பின் நடுவில் வைத்து மடித்துவிடுங்கள். தண்ணீரில் போட்டால் சீக்கிரம் சாகாது.

இனி சுவரில் ஏறுகிறதே, அந்தக் கதை. தோட்டத்து உண்ணியில் பெரும்பாலானவை ஈரமும் நிழலும் இல்லாமல் வாழாதவை. தப்பித்தவறி வீட்டுக்குள் வந்தால் சில நாளில் காய்ந்து செத்துவிடும். வீட்டுச் சுவரில் கூட்டமாக ஏறுவது வேறு இனம், பழுப்பு நாய் உண்ணி. வறண்ட அறைக்குள்ளேயே முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தக்கூடியது. நீங்கள் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது அது திரைச்சீலையின் மடிப்பிலும் கதவு நிலையின் விரிசலிலும் உட்கார்ந்திருந்தது. தோட்டத்தில் அடித்தது பலிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். மருந்தின் அளவு போதவில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கலக்காதீர்கள். சில இடங்களில் இந்த உண்ணி சில மருந்துகளுக்குப் பழகியும் போயிருக்கிறது.

நன்றாகக் குடித்துப் பருத்த பெண் உண்ணி ஒன்றைப் பாருங்கள். சாம்பல் பளபளப்போடு, சின்ன ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். ஆமணக்குக்கு அறிவியல் பெயர் வைத்தவர்களும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரான 'ரிசினஸ்' லத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல். அந்த ஒற்றை உண்ணி நாயிடமிருந்து உதிர்ந்து, நகர்ந்துபோய், ஒரு இடுக்கில் ஆயிரக்கணக்கில், சில சமயம் 4,000 வரைகூட, முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரித்து வருவது ஆறு கால் குஞ்சு, எள்ளைவிடப் பொடிசு. அது நாயின்மேல் ஏறிக் குடிக்கும், உதிரும், இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். எட்டுக் காலோடு மறுபடி ஏறும், குடிக்கும், உதிரும். மூன்றாம் முறை முழு உண்ணியாக ஏறும். வெப்பமான நாள்களில் இந்தச் சுற்று முழுக்க 2 மாதத்தில் முடிந்துவிடும். ஆக, நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான், மீதி அத்தனையும் சுவரில். ஒருநாள் மருந்து அடித்து இதை முடிக்க முடியாது.

மாமியாரின் யோசனைக்கு இப்போது பதில் சொல்ல முடியும். நாயை அனுப்பிவிட்டால் சுவரில் இருப்பவை கூடவே போகாது. வளர்ந்த உண்ணி ரத்தமே இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். இந்த இனத்துக்கு மனித ரத்தத்தைவிட நாயின் ரத்தம்தான் விருப்பம். நாய் இல்லாத வீட்டில் பசித்த உண்ணிக்கு அடுத்து அகப்படுவது தரையோடு தரையாக இருக்கும் குழந்தை. நாய் இருந்து, அதன் ரத்தத்தில் உண்ணியைக் கொல்லும் மருந்தும் இருந்தால், சுவரிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொன்றும் அதன்மேல் ஏறிக் கடித்துச் சாகும். எந்தத் தெளிப்பானும் எட்டாத விரிசலுக்குள் இருப்பதை வெளியே இழுத்துவர உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்த நாய்தான். அதை அனுப்பாதீர்கள், சிகிச்சை கொடுங்கள். இரண்டு ஆண்டு உங்களோடு இருந்த ஜீவன், அதுவும் இந்த உண்ணியால் அவதிப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 12 வாரத்துக்கு ஒருமுறை, மற்றது மாதம் ஒருமுறை. எடை பார்த்து, வயது பார்த்து, வலிப்பு வந்த நாயா என்று கேட்டுத்தான் கால்நடை மருத்துவர் கொடுப்பார், நீங்களாக வாங்காதீர்கள். மாத்திரை கொடுத்த பிறகும் நாயின்மேல் உண்ணி தெரியும். கடித்தால்தான் அது சாகும் என்பதால் புதிதாக ஏறுகிறவை ஓரிரு நாள் இருக்கும். 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று பாதியில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குறைந்தது 4 மாதம் ஒரு தவணையும் தவறாமல் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆண்டு முழுக்கத் தொடரச் சொல்வார்கள், கேளுங்கள். தினமும் காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, காலருக்கு அடியில் தடவிப் பாருங்கள். நாய் சாப்பிட மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ ரத்தப் பரிசோதனை தேவை. நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் உண்டு. வீட்டில் பூனையும் இருந்தால் மிகக் கவனம். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டுக்குள் வேலை கொஞ்சம் அலுப்பானது. நாய் படுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள், முட்டையும் குஞ்சும் அதைச் சுற்றித்தான் அதிகம். அதன் விரிப்பைச் சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி பிழைத்துக்கொள்ளும். கைபொறுக்காத வெந்நீரில் துவையுங்கள், அல்லது டிரையரில் அதிகச் சூட்டில் சுற்றவிடுங்கள். வாக்குவம் கிளீனரைச் சுவர் ஓரம், கட்டில் அடி, திரை மடிப்பு, சோபா தையல் என்று தினமும் ஓட்டுங்கள். இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு, ஆகவே மேல்சுவரையும் கூரை மூலையையும் விடாதீர்கள். வேலை முடிந்தவுடன் அந்தத் தூசிப் பையைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள், உள்ளேயே விட்டால் ஏறி வந்துவிடும். சுவரில் தெரிபவற்றை டேப்பால் ஒற்றி எடுங்கள். விரிசல்களைப் பூசி அடைத்துவிடுங்கள், நாய்க்கூண்டு இருந்தால் அதையும். மருந்தே இல்லாத இந்த வேலைகள் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆயிரம் மடங்கு நல்லது.

தோட்டத்தைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். புல்லைக் குட்டையாக வையுங்கள், உதிர்ந்த இலையைக் குவிய விடாதீர்கள், விறகுக் குவியலை வெயில்படும் இடத்துக்கு மாற்றுங்கள், எலி வராமல் பாருங்கள். புதரோ காடோ ஒட்டியிருந்தால் நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் பரப்புங்கள். வெயிலில் காய்ந்த அந்தப் பட்டையைத் தாண்ட தோட்டத்து உண்ணி தயங்கும். உண்ணி குதிக்காது, பறக்காது; குதித்தால் அது தெள்ளுப்பூச்சி, அதற்கு வைத்தியம் வேறு. மருந்து அடித்த புல்தரையில் இப்போதைக்குக் குழந்தையை விடாதீர்கள். எத்தனை நாள் என்பதை அந்தப் பாட்டிலில் உள்ள குறிப்பைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். குறிப்பே இல்லாத மருந்து என்றால் அதை இனிமேல் வாங்கவே வேண்டாம்.

மாத்திரையும் சுத்தமும் 6 வாரம் தொடர்ந்தும் சுவரில் கூட்டம் குறையவில்லை என்றால், வீட்டுக்குள் அடிக்க உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். விரிசல்களுக்குள் மட்டும் மருந்து வைக்கச் சொல்லுங்கள். தவழும் குழந்தை இருப்பதை அவர் பாட்டிலைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மறுபடி வீட்டுக்குள் எப்போது வரலாம் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தையையும் நாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.