நைட் ஷிஃப்ட்ல வெயிட் ஏறுதே, என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கமுங்க. எனக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம், வயசு 34, கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில வேலை. ரெண்டு வருஷமா பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்டுதானுங்க, ராத்திரி பத்துக்கு ஏறுனா காலைல ஆறுக்குத்தான் எறங்குவேன். 68 கிலோ இருந்தவன் இப்ப 77 ஆயிட்டேன். அப்படி ஒண்ணும் அதிகமா சாப்பிடறதில்லீங்க. ஒன்றரை மணிக்கு கேண்டீன்ல சோறும் சாம்பாரும், எறங்குனதும் பசங்களோட சேர்ந்து தட்டுக்கடைல மூணு பரோட்டா ஒரு பழம்பொரி, நடுவுல தூக்கம் வராம இருக்க நாலஞ்சு சாயா. வீட்டுக்குப் போனா அம்மா வெறும் வயித்தோட படுக்காதடான்னு நாலு இட்லி வெச்சிருவாங்க, அதைத் தட்ட முடியாது. பேசாம ராத்திரி முழுக்க பட்டினி கெடந்துரலாமான்னு தோணுது, சொல்லுங்கக்கா.

பதில்: தம்பி, பட்டினியெல்லாம் வேண்டாம். நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன், அதுல மதியச் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ராத்திரி டூட்டிக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடறீங்கன்னும் இல்ல. அப்படின்னா அந்த ரெண்டு வேளையும் ஏதோ பேருக்குத்தான் நடக்குது, மொத்தச் சாப்பாடும் ராத்திரி ஒன்றரைல இருந்து காலைல ஏழுக்குள்ள போகுதுன்னுதான் எனக்குப் படுது. வெயிட் ஏற அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, அது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2017-ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க. ராத்திரி ஆனா மெலடோனின்னு ஒரு ஹார்மோன் ஏறும், அது ஏறுனா சுகரை எறக்குற இன்சுலின் சுரக்கறது கொறையும். அதனால மதியம் சாப்பிட்ட அதே ஒரு தட்டு சோத்தை நடுராத்திரில சாப்பிட்டா சுகர் இன்னும் மேல போகும், எறங்கவும் நேரமாகும். ரைஸ் மில்லைப் பூட்டுற நேரத்துல நெல்லு லோடு கொண்டு போய் எறக்குற மாதிரிதான் அது. இதை அமெரிக்காவுல பாஸ்டன்ல ஆள வெச்சே பாத்திருக்காங்க, 2021-ல அந்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு. ராத்திரி முழிச்சு வேலை செய்யற மாதிரி 19 பேரை லேப்லயே தங்க வெச்சு, பாதிப் பேருக்கு ராத்திரிலயும் சாப்பாடு, மீதிப் பேருக்குப் பகல்ல மட்டும் சாப்பாடு. ராத்திரில சாப்பிட்டவங்களுக்கு ரத்தத்துல சுகர் சராசரியா 6.4 சதவீதம் கூடிருச்சு, பகல்ல மட்டும் சாப்பிட்டவங்களுக்கு சொல்ற அளவுக்கு மாத்தம் இல்ல. 19 பேருங்கறது சின்ன கணக்குதான், அவங்க நல்ல ஆரோக்கியமான ஆளுங்க வேற, ஆனா வழி எந்தப் பக்கம்னு காட்டுதில்லையா.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், பெரிய சாப்பாட்டை வெளிச்சம் இருக்கற பக்கமா நகத்துங்க. மத்தியானம் ரெண்டரை மூணுக்கு எந்திரிக்கிறீங்கன்னா அப்ப நல்லா சாப்பிடுங்க, மட்ட அரிசி சோறு, சாம்பார், பொரியல், மீனோ முட்டையோ எது கெடைக்குதோ அது. அப்பறம் டூட்டிக்கு முன்னாடி எட்டு மணிவாக்குல வீட்ல எல்லாரும் உக்காரும்போது நீங்களும் உக்காந்து வயித்துக்கு ஆகற மாதிரி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க, சட்டையப் போட்டுக்கிட்டே நின்ன வாக்குல ரெண்டு வாய் போட்டுட்டு ஓடுறது கணக்குல வராது. இந்த ரெண்டும் சரியா போச்சுன்னா ஒன்றரைக்குக் கொலப்பசி இருக்காது.

ஒன்றரைக்கு அந்தச் சோறு வேண்டாம். கையோட ஒரு சின்ன டப்பால வேக வெச்ச கடலையோ செறுபயறோ (பாசிப்பயறு) ஒரு கை, இல்லாட்டி அவிச்ச முட்டை ரெண்டு, கூட ஒரு டம்ளர் மோர், அது போதும். ஒரு முட்டைல 6 கிராம் புரோட்டீன் இருக்கு, அது வயித்தைப் புடிச்சு நிக்கும். வயிறு நெறைய சோறு போட்டுட்டு மெஷின்ல நிக்கறதுல இன்னொரு ஆபத்து, மூணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் மனுஷ உடம்பு தானாவே தூங்கப் பாக்கும், அதோட வயிறும் கனத்தா கண்ணு சொருகும். பொறவு அதே கண்ணோட பைக்குல ஹைவேல ஏறி வீட்டுக்கு வேற போகணும், இதை நெனச்சுதான் எனக்கு ரொம்ப பயம்.

இப்ப தட்டுக்கடை. ராத்திரி முழுக்க நின்னுட்டு ஆறு மணிக்கு வெளிய வந்தா, கல்லு மேல பரோட்டாவை அடுக்கி ரெண்டு கையால நசுக்கி அடிக்கற சத்தமும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஆவி பறக்கற பழம்பொரியும் இருக்கே, அதைத் தாண்டிப் போறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க தம்பி, அது எனக்கும் தெரியும். அதுவும் தூக்கம் கெட்டா பசியைத் தூண்டுற கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் எறங்கும், எண்ணெய்ப் பலகாரம்தான் வேணும்னு நாக்கு கேக்கும். அதனால உங்க மனக்கட்டுப்பாட்டைக் கொறை சொல்லிக்காதீங்க. ஆனா ஒரு பரோட்டா சைஸைப் பொறுத்து 250 கலோரிக்கு மேல, மூணு பரோட்டா கறியோட சேர்ந்தா எண்ணூறுக்குக் கொறையாது, அதைத் தின்ன கையோட நாலு இட்லியும் தின்னுட்டு படுத்தா வேற எங்க போகும் அது? பசங்களோட உக்காந்து பேசறதை விட்றாதீங்க, அது வேணும். சாயா வேண்டாம்னு ஒரு மோரோ நாரங்கா வெள்ளமோ (எலுமிச்சை ஜூஸ்) சர்க்கரை இல்லாம வாங்கிக் குடிச்சுட்டு பேசிட்டு வாங்க. வாரத்துல ஒரு நாள் பரோட்டா வெச்சுக்கங்க, எந்த நாளுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க.

சாயாவைச் சொல்லணும். அஞ்சு சாயா, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா பத்து ஸ்பூன், 40 கிராம் தாண்டும். இந்தச் சேர்த்த சர்க்கரை மொத்தமா ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-லயே சொல்லிருச்சு. சாயாவுல இருக்கற கஃபீன் பாதியாக் கொறையவே அஞ்சு மணி நேரம் ஆகும், நாலு மணிக்குக் குடிச்சுட்டு எட்டு மணிக்குப் படுத்தா எங்கிருந்து தூக்கம் வரும்? ரெண்டு மணிக்கு மேல சாயா வேண்டாம், அதுக்கு முன்னாடி குடிக்கறதும் பால் இல்லாத கட்டன் சாயாவா, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக் குடிங்க.

அம்மாகிட்ட இட்லி வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. நாலு வேண்டாம்மா ரெண்டு போதும், அதுக்குப் பதிலா ராத்திரிக்கு டப்பால சுண்டல் செஞ்சு குடுங்கம்மான்னு கேளுங்க, சந்தோஷமா செய்வாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, சுத்தமா வெறும் வயித்தோட படுத்தா பத்து பதினோரு மணிக்கே பசி எழுப்பிவிட்ரும். ஜன்னலுக்கு கனமான துணி போட்டு ரூமை இருட்டாக்கி ஏழு மணி நேரமாவது தூங்குங்க, தூக்கம் இல்லாம வெயிட் கொறையறது ரொம்ப கஷ்டம்.

வாரத்துக்கு அரைக் கிலோ கொறஞ்சாலே நல்ல வேகம். தெனமும் வெயிட் மெஷின்ல ஏறி நின்னு வருத்தப்படாம மாசத்துக்கு ரெண்டு தடவை தையக்கார டேப்பால தொப்புள் கிட்ட இடுப்பை அளந்து பாருங்க, நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ள, பொம்பளைங்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்.

கேள்வி: மேடம், பாலக்காட்டுல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன், வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட்ல வார்டு பிஸியா இருந்தா சாப்பிடவே முடியாது, கெடைக்கற கேப்ல பிஸ்கெட்டும் மிக்சரும்தான். இப்ப நெஞ்செரிச்சல் வேற. லீவு நாள்ல எந்த டைம்ல சாப்பிடறதுன்னே தெரியல.

பதில்: பிஸ்கெட் கண்ணுக்கு சின்னதா இருக்கறதால கணக்குத் தெரியாமப் போகுதும்மா. பாக்கெட்டை டேபிள்ல பிரிச்சு வைக்காதீங்க, வெச்சா கை தானா போகும். வறுத்த நிலக்கடலை ஒரு கை, ரெண்டு பூவன் பழம், இது ரெண்டும் யூனிஃபார்ம் பைலயே அடங்கும், நின்னுக்கிட்டே சாப்பிடலாம், கை கழுவிட்டு அஞ்சு நிமிஷம் போதும். நெஞ்செரிச்சலுக்கு மிக்சரும் திரும்பத் திரும்ப சாயாவும் காரணமா இருக்கலாம், சாப்பிட்ட உடனே படுக்கறதும் காரணமா இருக்கலாம், ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்க. ரெண்டு மூணு வாரத்துல கொறையலேன்னா உங்க ஆஸ்பத்திரிலயே டாக்டர்கிட்ட காட்டிருங்க, மெடிக்கல்ல மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கிட்டே இருக்காதீங்க. லீவு நாளா இருந்தாலும் எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாத்தாமப் புடிச்சுக்கங்க, மத்ததெல்லாம் அதைச் சுத்தி முன்ன பின்ன போகட்டும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரரு வேலந்தாவளத்துல இருந்து ராத்திரி காய்கறி லோடு ஓட்டுறாருங்க. சுகர் மாத்திரை போடறாரு. வெயிட் கொறைக்கறேன்னு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டாரு. பரவால்லீங்களா?

பதில்: பரவால்லன்னு சொல்ல மாட்டேன், உடனே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பாட்டை விட்டா சுகர் ரொம்பக் கீழ எறங்கிரும், வேர்த்து ஊத்தும், கை நடுங்கும், கண்ணு மங்கும், ஸ்டியரிங்குல இருக்கும்போது அப்படி ஆனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா அந்த ஆபத்து கம்மி, ஆனா எது போடறாருன்னு பாக்காம எதையும் மாத்தக் கூடாது. அதுவரைக்கும் ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் வண்டி எடுக்கணும்னு கண்டிப்பா சொல்லிருங்க. வண்டில எப்பவும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நடுக்கம் வந்தா வண்டியை ஓரம் கட்டிட்டு மூணு ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணில கலக்கிக் குடிச்சு, கால் மணி நேரம் பொறுத்து சரியாகலேன்னா இன்னொரு தடவை குடிக்கணும். சரியானதும் ஏதாச்சும் சாப்பிட்டுட்டு, தெளிவா ஆனதுக்கப்பறம்தான் வண்டி எடுக்கணும். டாக்டர்கிட்ட போகும்போது எத்தன மணிக்கு வண்டி எடுக்கறாரு, எத்தன மணிக்குத் தூங்கறாரு, எப்ப சாப்பிடறாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க, மாத்திரை நேரத்தை அதுக்குத் தகுந்த மாதிரி அவரு மாத்திக் குடுப்பாரு.